வீட்டுக்குள் பொதுச் சொத்து

வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கிற காலம் இது. தகப்பனாருக்கு ஆபீஸ் காரியத்துக்காக ஒன்று, தாயாருக்குக் கணக்கு வழக்குக்காக ஒன்று, கல்லூரியில் வாசிக்கும் பெண்ணுக்கு ஒன்று, "அக்காவுக்கு மட்டும் உண்டா?" என்று அழுத பையனுக்குக் கொடுத்த பழையது ஒன்று. இவை போதாவென்று ஆளுக்கொரு கைப்பேசி வேறு. ஆனால் பிரிண்டர் மட்டும் அநேகமாக ஒன்றுதான். அது ஏதோ ஓர் அறையின் மூலையில், ஏதோ ஒரு கம்ப்யூட்டரோடு, முளையில் கட்டிய கன்றுக்குட்டியைப் போல் நின்றுகொண்டிருக்கிறது.

மற்றோர் அறையில் இருப்பவருக்கு ஒரு விண்ணப்பம் அச்சாக வேண்டுமானால் அப்போது நடக்கும் வைபவத்தை நேயர்கள் அறிவார்கள். முதலில் பென் டிரைவைத் தேட வேண்டும். அது கிடைத்த பிறகு, பிரிண்டர் கட்டியிருக்கும் கம்ப்யூட்டருக்கு உடையவர் ஆசனத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும். அச்சான தாளில் ஒரு பிழை தென்பட்டால், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். முடிவில் அந்த ஒரு விண்ணப்பத்துக்கு 'முடிவானது' என்றும், 'முடிவானது இரண்டு' என்றும், 'மெய்யாகவே முடிவானது' என்றும் மூன்று பிரதிகள் மூன்று இடங்களில் கிடக்கும். அனுப்ப வேண்டிய தினத்தில் பிழையுள்ள பிரதியே போய்ச் சேரும்.

இந்தச் சிரமம் அவசியமே இல்லை என்பதைச் சொல்வதற்காகவே இவ்வாரம் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம். பரிகாரத்துக்கு வேண்டிய முக்கியமான கருவி முன்பே வீட்டில் இருக்கிறது. அலமாரியின் மேல் பச்சை விளக்கைக் கண் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே ரௌட்டர், அதைத்தான் குறிப்பிடுகிறோம். வெளியிலிருந்து இன்டர்நெட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் குழாய் அது என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். வாஸ்தவந்தான், ஆயினும் பாதி வாஸ்தவம். வீட்டிலுள்ள ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு விலாசம் கொடுத்து, ஒன்றின் செய்தியை மற்றொன்றிடம் சேர்ப்பிக்கும் தபாலாபீஸ் வேலையையும் அதுவே பார்க்கிறது.

192.168 என்று ஆரம்பிக்கும் எண்களைச் சிலர் பார்த்திருக்கலாம். 1996-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இன்டர்நெட்டின் விதிகளை வகுப்போர் சில எண் வரிசைகளை வீட்டுக்கும் ஆபீஸுக்கும் உள்ளேயே வழங்குவதற்கென்று ஒதுக்கி எழுதிவைத்தார்கள். மேற்படி வரிசை அவற்றுள் ஒன்று. 'மாடி அறை', 'நடு அறை' என்று நாம் வீட்டுக்குள் சொல்லிக்கொள்வது போன்றது இது. லட்சக்கணக்கான வீடுகளில் மாடி அறை இருந்தும் ஒருவருக்கும் குழப்பமில்லை. அந்தப் பெயர் வாசற்படிக்கு வெளியே செல்லாது. ஆகையால் மாடி அறைக் கம்ப்யூட்டர் நடு அறைக் கம்ப்யூட்டருக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமானால், அந்தக் கடிதம் தெருவில் இறங்க வேண்டியதில்லை. வெளியே கேபிள் அறுந்து இன்டர்நெட் நின்றுபோன நாளிலுங்கூட, ரௌட்டருக்கு மின்சாரம் இருக்கும் வரையில் இந்த உள்வீட்டுத் தபால் நடந்துகொண்டேயிருக்கும்.

யந்திரங்களை இவ்வாறு பிணைக்கும் யோசனை எப்படிப் பிறந்தது என்று விசாரித்தால், அதற்கும் ஒரு பிரிண்டரே காரணமாயிருந்தது என்பது தெரியவரும். ஐக்கிய அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் கம்பெனிக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே காரி ஸ்டார்க்வெதர் என்பவர் லேஸர் ஒளியைக் கொண்டு வினாடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் யந்திரத்தை உண்டாக்கினார். அதே நிலையத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் மேஜைமேல் வைக்கும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பல, பிரிண்டர் ஒன்று: நம் வீட்டு நிலைமையேதான்! அத்தனை பேரும் அந்த ஒரு பிரிண்டரை உபயோகிக்க வழி என்ன என்ற கேள்விக்கு விடையாக, ராபர்ட் மெட்காஃப் என்பவர் 1973-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி ஒரு குறிப்பு எழுதினார். டேவிட் பாக்ஸ் என்பவரும் கூடச் சேர்ந்து அதைக் காரியத்தில் நிறைவேற்றினார். அதன் பெயர்தான் ஈதர்நெட். இன்றைக்கும் ரௌட்டரின் முதுகில் கம்பி செருகும் துவாரங்களுக்கு அந்தப் பெயரே வழங்குகிறது.

பின்னர் 1985-ல் ஆப்பிள் கம்பெனி லேஸர்ரைட்டர் என்ற பிரிண்டரை 6,995 டாலர் விலைக்கு வெளியிட்டது. அவ்வளவு விலை கொடுத்து ஒருவர் தமக்கென்று மட்டும் வாங்குவது எங்ஙனம்? பல கம்ப்யூட்டர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ளும் வசதியையும் அந்தக் கம்பெனியார் கூடவே வைத்திருந்தார்கள். பிரிண்டர் விலை இன்று வெகுவாக இறங்கிவிட்டது. ஆனால் மையின் விலையும், வீட்டில் இடத்தின் அருமையும் இறங்கவில்லை.

"இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு பாடு? வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் அடுத்த அறைக்குப் போய்விடாதா? படங்களையெல்லாம் கிளவுடில் போட்டுவிட்டால் எல்லாரும் பார்க்கலாமே?" என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபம் நியாயமானதே. அவசரத்துக்கு அந்த வழி உதவத்தான் உதவுகிறது. ஆயினும் அந்த வழியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணம் சிந்திக்க வேண்டும். அடுத்த அறைக்குச் செல்ல வேண்டிய ஒரு தஸ்தாவேஜு, தெருவில் இறங்கி, ஊரைக் கடந்து, எங்கோ ஒரு கம்பெனியின் கிடங்குக்குப் போய், அங்கிருந்து மறுபடி நம் வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிறது. புகைப்படமாக அனுப்பினால் வழியில் இளைத்தும் போய்விடுகிறது. அது பெரிதாக அச்சிடத் தகுந்த படமாக இருப்பதில்லை.

அந்தக் கிடங்குகள் என்றும் திறந்திருக்கும் என்பதும் நிச்சயமில்லை. கூகிள் கம்பெனி 2010-ம் வருஷத்தில் கிளவுட் பிரிண்ட் என்றொரு சேவையை ஆரம்பித்தது. கையிலுள்ள கருவியில் அச்சுக்குக் கட்டளையிட்டால், தஸ்தாவேஜு கூகிளின் யந்திரங்களுக்குச் சென்று, பிறகு நம்முடைய பிரிண்டருக்கு வந்து சேரும். அநேகர் அதை நம்பி வீட்டிலும் ஆபீஸிலும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 2020-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதியோடு அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. பிரிண்டர் பழுதாகவில்லை, கம்ப்யூட்டர் பழுதாகவில்லை, இரண்டும் ஒரே அறையிலேயே இருந்தன. நடுவிலிருந்த தரகர் கடையைக் கட்டிவிட்டபடியால் அந்த வழி அடைபட்டுப் போயிற்று. வீட்டுக்குள் முடிகிற காரியத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்வது நலம் என்று நாம் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

இனி, ஃபைல்களைப் பொதுவில் வைக்கும் வழியைப் பார்ப்போம். முதலாவதாக, வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களில் அதிக நேரம் விழித்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூங்கும் கம்ப்யூட்டரிலிருந்து எவரும் ஒன்றும் எடுக்க முடியாது. அதில் 'வீட்டுப் பொது' என்ற பெயரில் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பொதுவாயிருக்க வேண்டியவற்றை மட்டும் அதில் வைக்க வேண்டும். முழு டிஸ்க்கையும் பொதுவாக்கிவிடுவது, விருந்தாளிக்குக் கூடத்தில் ஜமக்காளம் விரிப்பதற்குப் பதிலாக இரும்புப் பெட்டிச் சாவியைக் கொடுப்பது போலாகும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரானால், அந்த ஃபோல்டரின்மேல் மௌஸின் வலப்பொத்தானை அழுத்தி, பிராபர்டீஸ் என்பதில் ஷேரிங் என்ற பகுதியைத் திறந்தால், யார் யாருக்கு அனுமதி என்று கேட்கும். அங்கே இரண்டு வகை அனுமதி உண்டு: பார்க்க மட்டும் ஒன்று, திருத்தவும் அழிக்கவும் ஒன்று. குடும்பப் புகைப்படங்களைப் பார்க்க எல்லாருக்கும் அனுமதி கொடுக்கலாம். அழிக்கும் அனுமதி ஒருவர் இருவரிடம் இருந்தால் போதும். ஃபோல்டருக்கென்று தனியாக இன்னொரு பாதுகாப்புப் பட்டியலும் உண்டு. இரண்டும் மாறுபட்டால், எது குறுகியதோ அதுவே நெட்வொர்க் வழியாக வருவோருக்குச் செல்லும். "ஷேரிங்கில் அனுமதித்தும் திறக்க மறுக்கிறதே" என்று திகைப்போர் இந்த இரண்டாவது பட்டியலைப் பார்க்க மறந்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள்.

இன்னொரு திகைப்பும் உண்டு. கம்ப்யூட்டரைத் திறக்க நாம் தினமும் அழுத்தும் நாலு இலக்கப் பின் எண் அந்த ஒரு யந்திரத்துக்கு மட்டுமே உரியது. மற்றோர் அறையிலிருந்து வருவோரிடம் அது செல்லாது. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கையும் விண்டோஸ் சாதாரணமாக நெட்வொர்க்கில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகையால் பொது ஃபோல்டர் உள்ள கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கணக்கு ஏற்படுத்தி, அதற்கு ஒரு நல்ல பாஸ்வேர்டும் வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். அப்புறம் மற்றக் கம்ப்யூட்டர்களில் விலாசம் எழுதும் இடத்தில், பின்புறம் சாய்ந்த இரண்டு கோடுகளை இட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் பெயரை எழுதினால் பொது ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும். பழைய புத்தகங்களைப் பார்த்து 'ஹோம்குரூப்' என்பதைத் தேட வேண்டாம். 2009-ல் விண்டோஸ் 7-உடன் வந்த அந்த ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2018-ல் எடுத்துவிட்டது.

மாக், லினக்ஸ், விண்டோஸ் என்று வீட்டில் மூன்று ஜாதி யந்திரங்கள் இருந்தாலும் கவலையில்லை. 1983-வாக்கில் ஐ.பி.எம். கம்பெனியில் பாரி ஃபைகன்பாம் என்பவர் எஸ்.எம்.பி. என்ற பாஷையை வகுத்தார். விண்டோஸ் அதைத் தன் வீட்டுப் பாஷையாகக் கொண்டது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் ஓடும் செய்திகளை உற்றுக் கவனித்தே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டு, 1992 ஜனவரியில் எல்லாரும் இலவசமாக உபயோகிக்கும்படி ஒரு புரோகிராமை வெளியிட்டார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயருக்கு வேறொரு கம்பெனி உரிமை கொண்டாடவே, எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி, 'சாம்பா' என்ற பெயரைப் பிடித்தார். 2013 முதல் மாக் யந்திரங்களும் அந்தப் பாஷையையே முதன்மையாகப் பேசி வருகின்றன.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெட்வொர்க்கின் வேகத்தைப் பிட்டிலும், ஃபைலின் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கம்; எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 4 கிகாபைட் உள்ள கலியாண வீடியோ, வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள கம்பியில் செல்ல, கணக்குப்படி 320 வினாடி பிடிக்கும். 1 கிகாபிட் கம்பியில் 32 வினாடி. அநுபவத்தில் இன்னும் சற்று அதிகமாகும். வைஃபை நடுவே சுவர் வந்தால் தளர்ந்துவிடும், கம்பி தளர்வதில்லை.

பிரிண்டருக்கு வருவோம். யு.எஸ்.பி. கயிற்றில் ஒரு கம்ப்யூட்டரோடு கட்டியிருக்கும் பிரிண்டரையும் பிறருக்குப் பங்கிடலாம்; ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் விழித்திருந்தால்தான் பிரிண்டரும் வேலை செய்யும். வைஃபையோ ஈதர்நெட்டோ உள்ள பிரிண்டரானால் அதை நேரே ரௌட்டரோடு சேர்த்துவிடுவதே உத்தமம். அப்போது கன்றுக்குட்டி கயிறு அறுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுகிறது; எந்த அறையிலிருந்தும் கூப்பிடலாம். 2010-ல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் என்ற முறையைக் கொணர்ந்தது முதல், கைப்பேசியிலிருந்தும் நேரே அச்சிடுவது சாத்தியமாயிற்று. ஆண்ட்ராய்டிலும் அத்தகைய வசதி உண்டு. நேற்றுவரை அச்சிட்ட பிரிண்டரை இன்று 'ஆஃப்லைன்' என்று கம்ப்யூட்டர் சொல்லுமானால், பிரிண்டரைக் குட்டுவதில் பிரயோஜனமில்லை. மின்சாரம் நின்று வந்தபோது ரௌட்டர் அதற்கு வேறு விலாசம் கொடுத்திருக்கக்கூடும். பிரிண்டருக்கு எப்போதும் ஒரே விலாசத்தைக் கொடுக்கும்படி ரௌட்டரிலேயே நிர்ணயித்துவிட்டால் இந்தத் தகராறு எழாது.

இவ்வளவு சௌகரியங்களைச் சொன்ன நாம், அபாயத்தைச் சொல்லாமல் விட்டால் கடமையில் தவறியவர்களாவோம். 2017-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி 'வன்னாக்ரை' என்ற விஷமப் புரோகிராம் உலகெங்கும் பரவிற்று. ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று அது கேட்டது. 150-க்கு மேற்பட்ட தேசங்களில் கம்ப்யூட்டர்கள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் 236 அரசாங்க மருத்துவ டிரஸ்டுகளில் சுமார் 80-ல் வேலை தடைப்பட்டு, சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது யந்திரத்துக்கு யந்திரம் தாவியது எவ்வழியாக? நாம் மேலே சொன்ன எஸ்.எம்.பி. பாஷையின் முதற் பதிப்பிலிருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும், திருத்தத்தைப் போடாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

இதிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் கற்றுக்கொள்ள வேண்டியவை நாலு. கம்ப்யூட்டரும் ரௌட்டரும் கேட்கும் திருத்தங்களை "நாளைக்கு ஆகட்டும்" என்று தள்ளக்கூடாது. பழைய கருவி ஒன்று வேலை செய்ய வேண்டுமென்பதற்காக எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பை மறுபடி உயிர்ப்பிக்கக்கூடாது. 445 என்ற எண்ணுள்ள வாயிலை ரௌட்டரில் வெளியுலகத்துக்குத் திறந்துவிடக்கூடாது. புதிய நெட்வொர்க்கில் சேரும்போது விண்டோஸில் 'பிரைவேட்', 'பப்ளிக்' என்று இருவிதமாகக் குறிக்க இடமிருக்கிறது. வீட்டை மட்டும் பிரைவேட் என்று குறித்து, ரயிலடியையும் ஹோட்டலையும் பப்ளிக் என்றே விட வேண்டும். வீட்டுக்கு வரும் சிநேகிதர்களுக்கு, ரௌட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதியிருந்தால், அதைக் கொடுப்பதே மரியாதையும் பத்திரமும் ஆகும்.

யாதொரு விஷமியும் வராமலே நேரக்கூடிய நஷ்டம் ஒன்று உண்டு. நம் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழித்தால் அது குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும். மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். நெட்வொர்க் வழியாகப் பொது ஃபோல்டரில் ஒன்றை அழித்தால், விண்டோஸில் அது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதுதான். தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் ஒரு குழந்தையின் விரல் தவறுதலால் ஒரு நொடியில் மறைந்துவிடக்கூடும். பொதுவில் வைப்பதும் பத்திரப்படுத்துவதும் ஒன்றல்ல. ஆகையால் பொது ஃபோல்டரின் பிரதி ஒன்றை வேறொரு டிஸ்க்கில் மாதம் ஒருமுறையாவது எடுத்து, அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வெளியிலும் ஒரு பிரதி இருப்பது நன்று. தீயும் வெள்ளமும் வீடு பார்த்து வருவதில்லை. கிளவுட் என்பது மெய்யாகவே உபகாரமாகும் இடம் அதுதான்.

கடைசியாக, யந்திரத்தைச் சேராத ஒரு விஷயம். அநேக வீடுகளில் இந்த ஏற்பாடுகளையெல்லாம் செய்து வைப்பவர் ஒருவரே. பாஸ்வேர்ட் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் உத்தியோகத்துக்காக வெளியூர் போய்விட்டாலோ, திடீரென்று படுத்துவிட்டாலோ, வீட்டுப் பத்திரங்களும் காப்பு ரசீதுகளும் படங்களும் வீட்டிலேயே இருந்தும் வீட்டாருக்கு எட்டாதவை ஆகிவிடுகின்றன. எது எங்கே இருக்கிறது, எந்தப் பெயர், எந்தப் பாஸ்வேர்ட், பிரதி எடுத்த டிஸ்க் எந்த அலமாரியில் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நகைப் பெட்டியும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். குறைந்தது இருவருக்காவது அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். இதைச் செய்யாத வரையில் 'வீட்டுப் பொது' என்று பெயரிட்ட ஃபோல்டர், உண்மையில் ஒரே ஒருவருடைய சொத்தாகவே இருக்கும்.

பொது என்றால் எல்லாம் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதும் அல்ல. பெண்ணின் நாட்குறிப்பு அவளுடைய கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும்; பையனின் கவிதையைப் பற்றி ஒருவரும் கேட்க வேண்டாம். எது பொது, எது தனி, அழிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்துக்கொள்வது நல்லது. அந்தப் பேச்சுக்கு ஒரு மணி நேரமும், மற்ற வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அன்று மாலையில் முதன்முதலாக அச்சிட வேண்டியது எது என்று கேட்டால், நாம் மேலே சொன்ன அந்தத் தாளைத்தான் சொல்லுவோம்.